ஐஸ்லாந்துக்கு முதல் பயணம்: விசா முதல் வட ஒளி வரை, வரிசையாகச் செய்ய வேண்டியவை

ஐஸ்லாந்து என்று தேடினால் அருவிப் படங்களும் பச்சை வானப் படங்களும் கொட்டிக் கிடக்கும். விசாவுக்கு எப்போது நேரம் வாங்குவது, எந்தச் சுற்றுலாவை முன்கூட்டிப் பதிவு செய்வது, எதற்குப் பணம் கட்டுவது வீண் என்பதெல்லாம் பத்து இடத்தில் துண்டு துண்டாகத்தான் கிடைக்கிறது. அலைந்து திரிந்து சேர்த்ததை இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன். இந்திய பாஸ்போர்ட்டில், முதல் முறையாக, ஒரு வாரம் பத்து நாள் போகிறவர்களை நினைத்து எழுதியது. இலங்கை பாஸ்போர்ட்டுக்கும் விசா வேண்டும். சிங்கப்பூர், மலேசியா பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு 90 நாள் வரை விசா தேவையில்லை; அவர்கள் இரண்டாம் படியைத் தாண்டிவிடலாம்.

விலைகள் எல்லாம் தோராயம்தான். ஐஸ்லாந்து நாணயமான குரோனாவை ரூபாயாக்க எளிய கணக்கு: சுமார் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள். 10,000 குரோனா என்றால் ஏறக்குறைய 7,000 ரூபாய்.

1. முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

விசாவும் டிக்கெட்டும் அப்புறம். எந்த மாதம் போகிறீர்கள் என்பதை வைத்துத்தான் எதைப் பார்க்க முடியும் என்பதே முடிவாகும். வட ஒளியும் (இரவு வானில் பச்சையாக அசையும் ஒளி) பஃபின் பறவையும் ஒரே பயணத்தில் வேண்டும் என்று கேட்பவர்கள் நிறைய. நடக்காது. பஃபின் மே முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை. வட ஒளிக்கு இருட்டு வேண்டும். அது செப்டம்பர் முதல் ஏப்ரல் தொடக்கம் வரை. ஜூனில் தலைநகர் ரெய்க்யாவிக்கில் சூரியன் 21 மணி நேரம் மறையாது, மீதி நேரமும் முழு இருட்டு வராது.

பனிக்குகை நவம்பர் முதல் மார்ச் வரை. நடுநாட்டு மலைப்பகுதிக்குப் போகும் 'எஃப்' சாலைகள் திறப்பதே ஜூன் கடைசியில்தான், செப்டம்பரில் மூடத் தொடங்கிவிடும். டிசம்பரில் பகல் வெளிச்சம் நாலைந்து மணி நேரம் மட்டும். ஒரு நாளில் மூன்று இடம் என்று திட்டம் போட்டால் மூன்றாவதை இருட்டில்தான் பார்ப்பீர்கள்.

என்னைக் கேட்டால், முதல் முறை போகிறவர்களுக்கு செப்டம்பர்தான். வட ஒளி தொடங்கியிருக்கும், சாலைகளில் பனி இருக்காது, கோடைக் கூட்டமும் விலையும் கொஞ்சம் இறங்கியிருக்கும். பிள்ளைகளின் கோடை விடுமுறையில்தான் போக முடியும் என்றால் மே கடைசி, ஜூன். அப்போது வட ஒளியை மறந்துவிட்டுப் பஃபினையும் திமிங்கிலத்தையும் பாருங்கள்.

2. விசா: நேரம் வாங்குவதில்தான் பாதிக் கஷ்டம்

ஐஸ்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகவிடும் ஷெங்கன் கூட்டில் உள்ள நாடு. வேண்டியது குறுகிய கால ஷெங்கன் விசா. பயணத்துக்கு 6 மாதம் முன்னாலிருந்து விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்குக் குறைவாக இருந்தால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். முடிவுக்கு விதிப்படி 15 நாள், சில சமயம் 45 நாள் வரை இழுக்கும். ஆனால் உண்மையான தாமதம் அதற்கும் முன்னால், விண்ணப்ப மையத்தில் நேரம் கிடைப்பதில். மார்ச், ஏப்ரலில் தேடினால் காலண்டர் முழுக்கச் சாம்பல் நிறமாக இருக்கும். ஜூன் பயணத்துக்கு ஜனவரியிலேயே பார்க்கத் தொடங்குங்கள். யாராவது ரத்து செய்தால் நடுவில் ஓர் இடம் முளைக்கும். தினமும் காலையில் ஒரு தடவை எட்டிப் பார்ப்பது வீண்போகாது.

கட்டணம் 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ, 6 வயதுக்குக் கீழே இலவசம். மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டால் எதுவும் திரும்ப வராது.

எடுத்துப் போக வேண்டியவை:

- பாஸ்போர்ட்: திரும்பும் தேதிக்கு அப்புறமும் 3 மாதம் செல்ல வேண்டும், கடைசி 10 ஆண்டுக்குள் வழங்கியதாக இருக்க வேண்டும், இரண்டு பக்கம் காலி.
- 35க்கு 45 மில்லிமீட்டர் புகைப்படம், வெளிர் பின்னணி.
- போகவர விமான முன்பதிவு, எல்லா இரவுக்கும் தங்குமிட முன்பதிவு.
- நாள்வாரியான பயணத் திட்டம், ஒரு பக்க விளக்கக் கடிதம்.
- குறைந்தது 30,000 யூரோ மருத்துவப் பாதுகாப்புள்ள பயணக் காப்பீடு.
- வங்கிக் கணக்கு விவரம், சம்பளச் சீட்டு, வருமான வரிக் கணக்கு, அலுவலகத்தின் விடுப்புக் கடிதம்.
- பிள்ளைகள் ஒரு பெற்றோருடன் மட்டும் வந்தால் மற்றவரின் ஒப்புதல் கடிதமும் பிறப்புச் சான்றிதழும்.

இதில் நம் ஊர்க்காரர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்து குடும்பப் பெயராக உட்கார்ந்திருக்கும். வங்கிக் கணக்கில் 'கே' என்ற ஒற்றை எழுத்து. அலுவலகக் கடிதத்தில் அதுவும் இல்லை. டிக்கெட், காப்பீடு, ஹோட்டல் மூன்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து போடுங்கள். வங்கிப் பெயர் வேறுபட்டால் விளக்கக் கடிதத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். இதே சிக்கல் கார் எடுக்கும் கவுன்டரிலும் வரும், கீழே சொல்கிறேன்.

இரண்டாவது பொறி: "அந்த நாட்டுக்கு நேரம் சீக்கிரம் கிடைக்கிறது, அங்கே போட்டுவிடுங்கள்" என்று ஏஜென்ட் சொல்வது. எந்த ஷெங்கன் நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அங்கேதான் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. ஐஸ்லாந்தில் ஏழு இரவு, பாரிஸில் இரண்டு இரவு என்று திட்டத்தில் எழுதிவிட்டு பிரான்ஸில் விண்ணப்பித்தால் மறுப்பைக் காசு கொடுத்து வாங்குவது போலத்தான்.

மூன்றாவது: விண்ணப்பிக்கும் வாரத்தில் கணக்கில் திடீரென்று ஒரு பெரிய தொகை வந்து விழுவது. சொந்தப் பணமே என்றாலும் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு காகிதம் இணையுங்கள்.

விசா கிடைக்கும் வரை ரத்து செய்யக்கூடிய ஹோட்டல்களை மட்டும் பிடியுங்கள். சுற்றுலாக்களுக்கு இப்போது பணம் கட்ட வேண்டாம்.

3. டிக்கெட்: லண்டன் வழி மலிவு என்று பாய வேண்டாம்

இந்தியாவிலிருந்து நேரடி விமானம் இல்லை. பிராங்க்பர்ட், கோபன்ஹேகன், ஹெல்சிங்கி மாதிரி ஒரு ஷெங்கன் நகரம் வழியாகப் போவது தலைவலி இல்லாத வழி. லண்டன் வழி சில நாள் மலிவாகத் தெரியும். ஷெங்கன் விசா பிரிட்டனில் செல்லாது. இந்திய பாஸ்போர்ட்டுக்குப் பெரும்பாலும் தனி டிரான்சிட் விசா கேட்பார்கள். இரண்டு தனித்தனி டிக்கெட்டாக வாங்கி, நடுவில் பெட்டியை வெளியே எடுத்து மறுபடி போட வேண்டியிருந்தால் சிக்கல் இன்னும் பெரிது. சென்னை விமான நிலையத்திலேயே நிறுத்திவிடுவார்கள்.

குடியேற்றச் சோதனை முதலில் இறங்கும் ஷெங்கன் நகரத்தில்தான் நடக்கும், ஐஸ்லாந்தில் இறங்கும் கெப்லாவிக்கில் இல்லை. 2025 அக்டோபரிலிருந்து முகத்தையும் விரல் ரேகையையும் எல்லையில் பதிவு செய்யும் புதிய முறை வேறு வந்திருக்கிறது. அதனால் மாறும் இடத்தில் மூன்று மணி நேரமாவது இடைவெளி வையுங்கள்.

கெப்லாவிக் விமான நிலையத்திலிருந்து ரெய்க்யாவிக் 50 கிலோமீட்டர். ஃப்ளைபஸ் 45 நிமிடத்தில் கொண்டுபோய் விடும், ஒருவருக்கு ஏறக்குறைய 4,000 குரோனா. டாக்சி அதைப் போல நாலைந்து மடங்கு.

4. காரா, பஸ் சுற்றுலாவா?

நவம்பர் முதல் மார்ச் வரை என்றால் யோசிக்கவே வேண்டாம், பஸ். நம்மில் பெரும்பாலோர் பனியில் வண்டி ஓட்டியதே இல்லை. அங்கே வழுக்குப் பனி, இருட்டு, பக்கவாட்டில் தள்ளும் காற்று மூன்றும் சேர்ந்து வரும். ரெய்க்யாவிக்கில் அறை எடுத்துக்கொண்டு தினம் ஒரு சுற்றுலா போய்வருவதே போதும்.

பஸ் சுற்றுலாவில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். நகரின் நடுப்பகுதிக்குள் பெரிய பஸ்கள் வருவதில்லை. எண் போட்ட பொது நிறுத்தங்களில்தான் ஏற்றிக்கொள்வார்கள். ஹோட்டல் வாசலில் காத்திருந்தால் வண்டி போய்விடும். உங்கள் நிறுத்தத்தின் எண்ணைப் பதிவு செய்யும்போதே பாருங்கள், முதல் நாள் மாலை நடந்துபோய் இடத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். வண்டி அரை மணி வரை தாமதமாக வரலாம் என்று அவர்களே எழுதியிருப்பார்கள். குளிரில் அந்த அரை மணி நீளமானது.

மே முதல் செப்டம்பர் வரை, இரண்டு பேருக்கு மேல் போனால், கார்தான் லாபம். அருவி அருவியாக நின்று போகலாம், கூட்டம் வரும் முன் போய்விடலாம்.

நாட்டைச் சுற்றும் ரிங் ரோடு 1,322 கிலோமீட்டர். ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று வரைபடம் ஆசை காட்டும். முடியும், பெரும்பாலும் கார்க் கண்ணாடி வழியாகத்தான் பார்ப்பீர்கள். பத்து நாளுக்குக் குறைவாக இருந்தால் முழுச் சுற்றை விட்டுவிட்டு, ரெய்க்யாவிக், கோல்டன் சர்க்கிள், தென்கரை (இவை ஆறாம் படியில்) என்று நின்று பார்ப்பதுதான் என் கட்சி.

5. கார் எடுப்பவர்களுக்கு மட்டும்

ஓட்டுநர் உரிமம் ஆங்கில எழுத்தில் இருந்தால் அங்கே ஏற்றுக்கொள்கிறார்கள். இருந்தாலும் ஆர்டிஓவில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். சாரதி தளத்தில் விண்ணப்பிக்கலாம், 1,000 ரூபாய்தான், ஓராண்டு செல்லும். பாஸ்போர்ட், விசா நகல்கள் கேட்பார்கள் என்பதால் விசா வந்த மறுநாளே போட்டுவிடுங்கள்.

கவுன்டரில் ஓட்டுநரின் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள். ஃபாரெக்ஸ் கார்டையும் டெபிட் கார்டையும் வைப்புத்தொகைக்குப் பல நிறுவனங்கள் ஏற்பதில்லை. கார்டில் இனிஷியல், உரிமத்தில் முழுப்பெயர், பாஸ்போர்ட்டில் வேறு வரிசை என்றால் அரை மணி விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். முடிந்தால் கிளம்பும் முன்னாலேயே கார்டுப் பெயரைத் திருத்தி வாங்குங்கள். கார்டின் நாலு இலக்க பின் நம்பரும் நினைவில் இருக்கட்டும்: ஆளில்லாத பெட்ரோல் பங்குகளில் அது இல்லாமல் ஒரு சொட்டு வராது. அங்கே 'டேங்க் நிரப்பு' என்று அழுத்தினால் பெரிய தொகையைத் தற்காலிகமாகப் பிடித்து வைத்துக்கொண்டு, மிச்சத்தைச் சில நாள் கழித்து விடுவிக்கும். வேண்டிய தொகையைத் தேர்ந்தெடுத்துப் போடுவது நல்லது.

காப்பீட்டில் சரளைக் கல் பாதுகாப்பை எடுங்கள். முன்கண்ணாடியில் கல் தெறிப்பது அங்கே அன்றாடம். தென்கரைப் பக்கம் போவதானால் மணல், சாம்பல் பாதுகாப்பும் தேவை. பெரும்பாலான காப்பீடுகள் தாங்காதவை இரண்டு. ஒன்று, ஆற்றைக் கடக்கும்போது தண்ணீரால் வரும் சேதம். இன்னொன்று, காற்று பிய்த்த கதவு. அங்கே காற்று கார்க் கதவைக் கீலோடு வளைத்துவிடும். வண்டியின் மூக்கைக் காற்றுக்கு எதிராக நிறுத்துங்கள், ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டே இன்னொரு கையால் திறங்கள், ஒரே நேரத்தில் இரண்டு பக்கக் கதவையும் திறக்காதீர்கள். பின் சீட்டுப் பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லிவையுங்கள்: யாரும் தானாகக் கதவைத் திறக்கக் கூடாது.

வாடகையில் கிலோமீட்டர் கட்டணம் சேர்ந்திருக்கிறதா, தனியா என்றும் கேளுங்கள்.

சாலை விதிகளில் நமக்குப் புதியவை: வலது பக்கம் ஓட்ட வேண்டும், பகலிலும் விளக்கு எரிய வேண்டும். ஊருக்குள் 50, சரளைச் சாலையில் 80, தார்ச் சாலையில் 90 கிலோமீட்டர் உச்ச வேகம். ரவுண்டானாவில் உள்வட்டத்தில் இருப்பவருக்கு முன்னுரிமை. ஒற்றை வழிப் பாலத்தில் யார் முதலில் நெருங்குகிறாரோ அவர் போவார், மற்றவர் நிற்பார். படம் எடுக்கச் சாலை ஓரத்தில் நிறுத்தாதீர்கள். ஓரம் என்று ஒன்று அங்கே கிடையாது. 'எஃப்' எண்ணுள்ள சாலையில் நாலு சக்கர இயக்க வண்டி மட்டுமே போகலாம்.

பார்க்கிங்தான் சத்தமில்லாமல் பணம் பிடுங்கும் இடம். அருவி வாசல்களில் தடுப்பும் இல்லை, ஆளும் இல்லை. ஒரு கேமரா வண்டி எண்ணைப் படமெடுக்கும். பெரும்பாலும் 1,000 குரோனா. பார்க்கா போன்ற செயலியிலோ அங்கே இருக்கும் இயந்திரத்திலோ அன்றைக்கே கட்டிவிட வேண்டும். இல்லையென்றால் பில் கார் நிறுவனத்துக்குப் போய், அவர்கள் தங்கள் நிர்வாகக் கட்டணத்தையும் ஏற்றி, ஊர் திரும்பி ஒரு மாதம் கழித்து உங்கள் கார்டில் எடுப்பார்கள். வடக்கே அக்குரேரி பக்கத்திலுள்ள வாட்லஹெய்தி சுரங்கப்பாதைக்கும் இப்படித்தான்: வாயிலில் வசூல் இல்லை, இணையத்தில் நீங்களே கட்ட வேண்டும். தினமும் இரவு படுக்கும் முன் "இன்று எங்கெல்லாம் நிறுத்தினோம்" என்று ஒரு கணக்குப் பார்த்துவிடுங்கள்.

6. எந்தச் சுற்றுலா, எவ்வளவு நேரம், எவ்வளவு பணம்

*கோல்டன் சர்க்கிள்.* எல்லாரும் போவதுதான், தவிர்க்க வேண்டியதில்லை. திங்வெல்லிர் பிளவு, கெய்சிர் வெந்நீர் ஊற்று, குல்ஃபோஸ் அருவி மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். சுற்று ஏறக்குறைய 250 கிலோமீட்டர். பஸ் சுற்றுலா 10,000 குரோனாவுக்கு முன்பின். திங்வெல்லிரில் வட அமெரிக்கத் தட்டும் யூரேசியத் தட்டும் விலகும் பிளவுக்குள் நடந்து போகலாம், நுழைவுக் கட்டணம் இல்லை, பார்க்கிங் மட்டும்.

கெய்சிர் என்று பெயர் பெற்ற பழைய ஊற்று இப்போது அநேகமாகத் தூங்குகிறது. எல்லாரும் பார்ப்பது பக்கத்திலுள்ள ஸ்ட்ரோக்கூரை. ஆறிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒரு முறை 15, 20 மீட்டர் உயரத்துக்கு வெந்நீரைப் பீய்ச்சும். அவசரப்பட்டு மேலேயே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். அழகே வெடிப்பதற்கு ஒரு நொடி முன்னால்: குழியில் தண்ணீர் மூச்சு வாங்குவது போல ஏறி இறங்கி, சட்டென்று நீலக் குமிழாகப் பொங்கி நிற்கும், அப்புறம்தான் உடையும். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து எதிர்ப்பக்கம் நில்லுங்கள். ஆவியும் துளியும் விழும் பக்கம் நின்றவர்கள் நனைந்து குளிரில் நடுங்குவார்கள். கயிற்றுக்கு அப்பால் காலடி வைக்க வேண்டாம், தரையில் ஓடும் சிறு வாய்க்காலில் கூடக் கொதிக்கும் நீர்தான்.

குல்ஃபோஸ் இரண்டு படியாக 32 மீட்டர் விழுகிறது. கீழ்ப்பாதை குளிர்காலத்தில் உறைந்தால் மூடியிருக்கும். கார் உள்ளவர்கள் கோடையில் மதியம் மூன்று மணிக்குக் கிளம்பிப் பாருங்கள். பஸ்கள் எல்லாம் திரும்பியிருக்கும், வெளிச்சம் நடு இரவு வரை இருக்கும். வழியில் ஃப்ரித்ஹெய்மர் தக்காளிப் பண்ணையில் கண்ணாடிக் குடிலுக்குள் செடிகளின் நடுவே தக்காளி சூப் தருகிறார்கள், சைவர்களுக்கு வரப்பிரசாதம். மேசை முன்பதிவு இல்லாமல் போனால் வாசலோடு திரும்ப வேண்டியிருக்கும்.

*தென்கரை.* ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் நான் கோல்டன் சர்க்கிளை விட்டுவிட்டு இதைத்தான் சொல்வேன். செல்யலான்ஸ்ஃபோஸ் அருவிக்குப் பின்னால் நடந்து சுற்றி வரலாம். முழுக்க நனையும், மழைச் சட்டையோடு கால்சட்டையும் வேண்டும். பெரும்பாலோர் அங்கேயே திரும்பிவிடுவார்கள். வலமிருந்து இடமாகப் பத்து நிமிடம் நடந்தால் பாறை இடுக்கில் ஒளிந்திருக்கும் குல்யுஃப்ராபூயி அருவி. ஸ்கோகாஃபோஸ் 60 மீட்டர். பக்கத்துப் படிக்கட்டில் ஏறினால் மேலிருந்தும் பார்க்கலாம்.

ரெய்னிஸ்ஃபியாரா கருமணல் கடற்கரையை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பல அலை சாதுவாக வந்துவிட்டு, முன்னறிவிப்பே இல்லாமல் ஓர் அலை பத்து இருபது மீட்டர் கூடுதலாக ஏறி வந்து ஆளை இழுத்துக்கொண்டு போகும். சுற்றுலாப் பயணிகள் பலர் இறந்த இடம். வாசலில் எச்சரிக்கை விளக்கு இருக்கிறது. சிவப்பு எரிந்தால் மேலே நின்றே பார்த்துவிட்டு வாருங்கள். மெரினாவில் கால் நனைத்த பழக்கத்தில் பிள்ளைகள் ஓடுவார்கள், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பஸ் சுற்றுலா வீக் ஊர் வரை போய்த் திரும்ப 10 மணி நேரம், 13,000 முதல் 17,000 குரோனா.

*யோக்குல்சார்லோன் பனிக்கட்டி ஏரி.* ரெய்க்யாவிக்கிலிருந்து ஒரு வழிக்கே 370 கிலோமீட்டருக்கு மேல். ஒரே நாளில் போய்வரும் 14 மணி நேரச் சுற்றுலா விற்பார்கள். பாதி பேர் திரும்பும்போது தூங்கிக்கொண்டுதான் வருவார்கள். வீக் பக்கமோ ஸ்காஃப்டாஃபெல் பக்கமோ ஓர் இரவு தங்குங்கள். ஏரியில் படகு தோராயமாக மே முதல் அக்டோபர் வரை. தரையிலும் நீரிலும் ஓடும் பெரிய வண்டிப் படகு அரை மணிக்கு மேல், குடும்பத்துக்கு அது போதும். ரப்பர் படகு ஒரு மணி நேரம், பனிமலை முகத்துக்கு இன்னும் பக்கம் போகும், விலையும் கூடுதல். படகுக்குக் காசில்லை என்றாலும் குறையில்லை: கரையில் நின்றாலே பனிக்கட்டிகள் உரசும் சத்தம் கேட்கும், சீல்கள் தலை நீட்டும், சாலைக்கு அந்தப் பக்கம் டைமண்ட் பீச்சில் கட்டிகள் மணலில் ஒதுங்கிக் கிடக்கும். இரண்டுக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை, பார்க்கிங் மட்டும்.

*பனியாறும் பனிக்குகையும்.* வழிகாட்டி இல்லாமல் பனியாற்றில் கால் வைக்கவே கூடாது. சோல்ஹெய்மாயோக்குல் பனியாற்று நடை புதியவர்களுக்கு ஏற்றது. முள் காலணியும் தலைக்கவசமும் அவர்களே தருவார்கள், கணுக்காலை மூடும் பூட்ஸ் உங்களுடையது அல்லது வாடகை. 15,000 முதல் 20,000 குரோனா. நீலப் பனிக்குகை குளிர்காலத்துக்கு மட்டும். 2024 ஆகஸ்டில் பிரைதமெர்க்கூர்யோக்குல் பனியாற்றில் பனி சரிந்து ஒரு பயணி இறந்தார். அதனால் அந்தப் பனியாறு இருக்கும் வத்னயோக்குல் பகுதியில் கோடையில் பனிக்குகை என்று யாராவது விற்றால் ஒன்றுக்கு இரண்டு முறை யோசியுங்கள். குளிர்காலத்திலும் மழை பெய்தால் குகைக்குள் தண்ணீர் ஏறி ரத்தாகும். உங்கள் பயணக் காப்பீடு பனியாற்று நடையைச் சேர்த்திருக்கிறதா என்றும் பாருங்கள். சாதாரணத் திட்டங்களில் அது 'சாகச விளையாட்டு' என்று வெளியே நிற்கும்.

*திமிங்கிலம்.* ரெய்க்யாவிக் பழைய துறைமுகத்திலிருந்து மூன்று மணி நேரம், 13,000 குரோனா பக்கம். வடக்கே ஹூசாவிக்கில் பார்க்கும் வாய்ப்பு அதிகம். ஒன்றும் தென்படாவிட்டால் பெரும்பாலான நிறுவனங்கள் இன்னொரு பயணத்துக்குச் சீட்டு தருகின்றன. வாந்தி மாத்திரையைப் படகு கிளம்பிய பிறகு போட்டுப் பயனில்லை, அரை மணி முன்னால் போடுங்கள்.

*பஃபின்.* வெஸ்ட்மன்னாயர் தீவுகளில்தான் பெருங்கூட்டம். லாந்தேயாஹொஃப்ன் துறையிலிருந்து படகு 40 நிமிடம். அலை மோசமாக இருந்தால் படகை தோர்லாக்ஸ்ஹொஃப்ன் துறைக்கு மாற்றிவிடுவார்கள், பயணம் மூன்று மணி நேரத்தை நெருங்கும். கிளம்பும் காலையில் எந்தத் துறை என்று பாருங்கள்.

*வட ஒளி.* பஸ் சுற்றுலாவை வந்து சேர்ந்த முதல் அல்லது இரண்டாம் இரவுக்கே போடுங்கள். தெரியாவிட்டால் பெரும்பாலும் இன்னொரு இரவு இலவசமாகக் கூட்டிப் போவார்கள். கடைசி இரவுக்குப் போட்டால் அந்தச் சலுகை யாருக்குப் பயன்? ஐஸ்லாந்து வானிலைத் துறையின் வெதுர் தளத்தில் மேக வரைபடம் இருக்கிறது. அதில் பச்சை என்றால் வட ஒளி என்று நினைத்துவிடுவார்கள். பச்சை மேகம்; வெள்ளைதான் தெளிந்த வானம். வட ஒளியின் வலிமையைச் சொல்லும் எண் 2, 3 இருந்தாலே போதும், வானம் திறந்திருக்க வேண்டும். கண்ணுக்குச் சாம்பல் நிற மேகம் போலத் தெரிவது போன் கேமராவின் இரவு முறையில் பச்சையாக விழும். சந்தேகம் வந்தால் ஒரு படம் எடுத்துப் பாருங்கள்.

*வெந்நீர்.* பேர்பெற்ற வெந்நீர்க் குளமான புளூ லகூன் முன்பதிவு இல்லாமல் கிடைக்காது, 10,000 குரோனாவுக்குக் குறையாது. பக்கத்திலேயே 2023 டிசம்பரிலிருந்து அடிக்கடி எரிமலை வெடித்திருக்கிறது, திடீரென மூடுவார்கள். ரத்து விதியைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். நகரத்திலேயே ஊராட்சி நீச்சல் குளங்கள் இருக்கின்றன, 1,500 குரோனாவுக்குள், அதே வெந்நீர்த் தொட்டிகள், அக்கம்பக்கத்து ஜனங்களோடு உட்காரலாம்.

எங்கே போனாலும் ஒரு விதி உண்டு, முதலிலேயே தெரிந்திருந்தால் சங்கடம் குறையும்: நீச்சலுடை போடும் முன் சோப்புப் போட்டு ஆடையில்லாமல் குளிக்க வேண்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி அறை, ஆனால் பொதுக் குளங்களில் திறந்த ஷவர். அங்கே யாரும் யாரையும் பார்ப்பதில்லை. கூச்சம் தாங்காது என்பவர்களுக்குப் புளூ லகூனில் தடுப்புள்ள ஷவர் கிடைக்கும். அங்கே தலைமுடியில் கண்டிஷனர் தடவிக்கொண்டு இறங்குங்கள், இல்லையென்றால் முடி நார் நாராகிவிடும். வெள்ளிக் கொலுசையும் மெட்டியையும் அறையிலேயே கழற்றி வையுங்கள். கந்தக நீரில் கறுத்துப்போகும்.

7. முன்பதிவு செய்யும் வரிசை

விசா கையில் வந்ததும்: கார், அடுத்து விசாவுக்காகப் பிடித்து வைத்த தென்கரைத் தங்குமிடத்தை உறுதி செய்வது (அங்கே அறைகள் குறைவு, கோடையில் ஐந்து மாதம் முன்பே தீரும்), அடுத்து பனிக்குகை, புளூ லகூன். திமிங்கிலம், கோல்டன் சர்க்கிள் பஸ், வட ஒளி ஆகியவை ஒரு வாரம் முன்னால் போட்டாலும் கிடைக்கும்.

விலை அதிகமான சுற்றுலாவைப் பயணத்தின் முன்பாதியில் வையுங்கள். காற்றால் ரத்தானால் பின்பாதியில் மாற்றிக்கொள்ளலாம். விமானத்துக்கு முந்தைய நாளில் ரெய்க்யாவிக்கை விட்டு வெகுதூரம் எதையும் வைக்காதீர்கள். சாலை மூடினால் மூடியதுதான், யாரிடம் கெஞ்சியும் பயனில்லை. வானிலை காரணமாக நிறுவனமே ரத்து செய்தால் பணம் திரும்ப வரும். பயந்துகொண்டு நீங்களாகவே ரத்து செய்தால் வராது. ஆகவே வானிலை எச்சரிக்கை மஞ்சளாக இருக்கும்போது அவர்கள் முடிவு சொல்லும் வரை பொறுங்கள்.

8. துணியும் சாப்பாடும்

குடை வேண்டாம், காற்று இரண்டே நிமிடத்தில் கம்பியாக்கிவிடும். ஜீன்ஸ் நனைந்தால் அன்றைக்குள் காயாது. உள்ளே கம்பளி, நடுவில் ஸ்வெட்டர், மேலே காற்றும் நீரும் புகாத சட்டையும் கால்சட்டையும். ஜூலையிலும் இதேதான், பனிக்கு மட்டும் ஷூவுக்கு மாட்டும் முள் பட்டை கூடுதல்.

உணவகத்தில் ஒரு கிண்ண சூப்பே 2,500 குரோனாவைத் தொடும். சமையலறை உள்ள தங்குமிடமாகப் பிடித்து, போனஸ், குரோனன் கடைகளில் வாங்கிச் சமைத்தால் கையைக் கடிக்காது. ஊரிலிருந்து அரிசி, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ரெடிமிக்ஸ் கொண்டுபோகலாம். நெய், பால்கோவா, கருவாடு வேண்டாம்: வெளியிலிருந்து வரும் இறைச்சிக்கும் பால் பொருளுக்கும் ஐரோப்பிய எல்லையிலேயே தடை, மீனுக்கும் தனி விதி உண்டு. தண்ணீர் பாட்டில் வாங்குவது சுத்த வீண், குழாய்த் தண்ணீர் அருமையாக இருக்கும். வெந்நீர்க் குழாயில் மட்டும் அழுகிய முட்டை வாடை வரும். பயப்பட ஒன்றுமில்லை, குடிக்க மட்டும் குளிர்ந்த குழாயைத் திறங்கள்.

ரொக்கம் மாற்றிக்கொண்டு போக வேண்டியதில்லை. கழிப்பறைக்குக் கூட கார்டுதான்.

9. தினமும் கிளம்பும் முன் ஐந்து நிமிடம்

வெதுர் தளத்தில் காற்றைப் பாருங்கள், மழையை விட அதுதான் முக்கியம். நொடிக்கு 15 மீட்டரைத் தாண்டினால் உயரமான வண்டிகளுக்கு ஆபத்து, 20 என்றால் எந்த வண்டியும் வேண்டாம். உம்ஃபெர்தின் தளத்தில் சாலை நிலவரம் நிறத்தில் தெரியும். சேஃப்டிராவல் தளத்தில் எரிமலை, வெள்ள எச்சரிக்கைகள். அவசர எண் 112. அதே பெயரில் செயலியும் இருக்கிறது, போனில் ஏற்றிக்கொண்டால் ஒரு பொத்தானில் உங்கள் இருப்பிடம் போய்ச் சேரும்.

கடைசி நாள் காரைத் திருப்பும் முன் கெப்லாவிக் ஊருக்குள்ளேயே பெட்ரோல் நிரப்பி, ரசீதை எடுத்து வையுங்கள். வண்டியை நாலு பக்கமும், முன்கண்ணாடியையும், சக்கரங்களையும் வீடியோ எடுங்கள். எடுத்த அன்றும் இதே மாதிரி எடுத்திருக்க வேண்டும். விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் ஒப்படைத்தால் சரியாக இருக்கும், பல நிறுவனங்களின் இடத்திலிருந்து விமான நிலையத்துக்கு இன்னொரு வண்டியில் போக வேண்டும்.